முதல் எட்டு வரிகள்

மார்ச் 3, 08:10. விளிம்பு நிலையம்

"மிஸ், ஒட்டிட்டேன். இனி அது அவங்ககிட்ட தானா போயிருமா?"

செர்மக்கனி என்ற மாணவி ஆய்வகத்தில் என்னிடம் கேட்ட கேள்வி இது. வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதைவிட நல்ல கேள்வியை அந்த ஆண்டு யாரும் கேட்கவில்லை.

அவளுக்குச் சொன்ன உதாரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். கோயில் வாசலில் செருப்பு விடுகிறோம். உள்ளே இருப்பவர் செருப்பை வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் தருகிறார். உங்கள் தம்பி போய் அந்தச் செருப்பை வாங்கி வரவேண்டுமானால் டோக்கன் அவன் கையில் இருக்க வேண்டும். துணுக்குப் பெட்டியும் அப்படித்தான். டெர்மினலில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் ஒரு நெடுங்கோடு போட்டு, 'ஒட்டு' என்று அடித்தால், எழுதியது குழாயில் போகும் தண்ணீர்போலப் போய் பெட்டியில் விழும். ஓர் ஆறு இலக்க எண் திரும்பி வரும். அந்த எண்ணை நீங்கள் யாரிடமாவது சொல்லும்வரை, எழுதியதை உலகத்தில் ஒருவரும் படிக்க முடியாது. தானாகப் போகாது செர்மக்கனி. ஒருநாளும் போகாது.

எங்கள் பெட்டி நிலவைச் சுற்றும் ஒரு சிறிய துணைக்கோளில் இருக்கிறது. இந்தப் பதிவையும் அதில்தான் ஒட்டுகிறேன். கண்டெடுப்பவர் யாரென்று தெரியாததால் எல்லாவற்றையும் விளக்கியே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் தங்கபுஷ்பம். நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நிலவுக் காவல் வேலைக்கு அறுபதைத் தாண்டியவர்களைத்தான் எடுக்கிறார்கள். இங்குள்ள கதிர்வீச்சு வேலை காட்ட இருபது ஆண்டு ஆகும், அதற்குள் நாங்களே போய்விடுவோம் என்பது கணக்கு. நேர்முகத் தேர்வில் இதைச் சொன்ன பையன் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல கணக்குத்தானே தம்பி என்றேன்.

பள்ளத்தின் விளிம்பில் என் நிலையம். இங்கே ஏறக்குறைய எப்போதும் வெயில் இருக்கும், அதனால் சூரியத் தகடுகள் இங்கே. பள்ளத்தின் அடியில், வெயிலே படாத இருட்டில், பனிக்கட்டியைத் துளைத்து எடுக்கும் நிலையம். அங்கே சென்னியப்பன் என்பவர் இருக்கிறார். திருச்செங்கோட்டுக்காரர், நாற்பது ஆண்டு ஆழ்துளைக் கிணறு போட்டவர். என் தகடுகளிலிருந்து அவருக்கு ஒரு மின்கம்பி இறங்குகிறது. பேச ஒரு கண்ணாடி இழை. போய்வர ஒரு கம்பிவண்டி.

பேட்டரி நிறைவு. தகடுகளில் தூசி துடைத்தேன். சென்னியப்பன் காலை அறிக்கையை ஒட்டிவிட்டு, வழக்கம்போல எண்ணைச் சொல்ல மறந்தார். போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அட, ஒட்டுனதே பெருசுங்க டீச்சர். நம்பரு வேற வேணுங்களா?"

என்றைக்கும் இதே கதைதான்.


மார்ச் 5, 15:30

நிலநடுக்கம். இங்கே அது பூமியில்போலச் சட்டென்று அடங்குவதில்லை. தரை ஒரு மணி போல நெடுநேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

சேதம்: தகடுகளில் பாதி சரிந்து உடைந்தன. மிச்சமுள்ளவற்றைச் சூரியன் பக்கம் திருப்பும் மோட்டார் எரிந்துவிட்டது, இனி சில மணிக்கு ஒருமுறை வெளியே போய்க் கையால் திருப்ப வேண்டும். கம்பிவண்டி தண்டவாளத்திலிருந்து புரண்டுவிட்டது. கண்ணாடி இழை அறுந்துவிட்டது, எனவே சென்னியப்பனோடு பேச்சு இல்லை. மின்கம்பி மட்டும் பிழைத்திருக்கிறது.

பூமி ஆன்டெனா சாயும் முன் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பர்வீன் பேசியது பதிவாகியிருக்கிறது: "மேடம், கேக்குதா? லேண்டர் பத்தொன்பதாம் தேதிதான் இறங்க முடியும், அதுக்கு முன்னாடி வழியே இல்ல. ரெண்டு பேரும் இருக்கிற எடத்துலயே இருங்க. கரண்ட்ட பாத்து செலவு பண்ணுங்க மேடம்." அதன்பிறகு இரைச்சல்.

துணைக்கோள் இன்னும் எட்டும் தூரத்தில்தான் சுற்றுகிறது. அது பூமியோடு பேசாது, நிலவுக்குள் மட்டும். ஆனால் பெட்டி வேலை செய்கிறது.


மார்ச் 6, 09:00

சென்னியப்பன் இருக்கிறார்.

எப்படித் தெரியும் என்று விளக்குகிறேன். பெட்டியில் ஒரே ஒரு துணுக்குக்கு மட்டும் மாறாத முகவரி உண்டு. அதைப் பலகை என்கிறோம். யாரும் படிக்கலாம். எழுதுவது என் கன்சோலிலிருந்து மட்டுமே முடியும், அதன் சாவி கன்சோலுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. பலகையை எத்தனை முறை திறந்தார்கள் என்று என் திரையின் மூலையில் ஓர் எண் காட்டும். நான் எழுதலாம், அவர் படிக்கலாம். அவர் எழுதினால் டோக்கன் அவரிடமே தங்கிவிடும். என்னிடம் வருவது அந்த எண் மட்டும்.

பலகையில் எழுதினேன்: "உயிரோடு இருந்தால் இதை மூன்று முறை அடுத்தடுத்துத் திறவுங்கள்."

எண் ஏறியது. ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. விளையாடுகிறார் மனிதர். நாற்காலியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

பிறகு ஒரு பாடம் நடத்தினேன். ஏதாவது எழுதி ஒட்டுங்கள். வரும் டோக்கன் எண்ணை இலக்கம் இலக்கமாக அனுப்புங்கள், நான்கு என்றால் நான்கு முறை திறப்பது, பிறகு சற்று இடைவெளி, பூஜ்யம் என்றால் பத்து முறை. காலை முழுதும் ஆயிற்று. இரண்டாவது இலக்கத்தில் அவர் எண்ணிக்கை தவறி மறுபடி ஆரம்பித்தார். கடைசியில் ஆறு இலக்கம் கிடைத்துத் திறந்தேன். அப்படியே தருகிறேன்:

"டீச்சருங்களா, நம்பரு சரியா வந்துச்சுங்களா? இதுக்குக் கெணறே வெட்டிப்போடலாமுங்க. தொளை போடுற ரிக்கு சாஞ்சு வலது கால் மேல உழுந்துபோச்சு. இழுத்து எடுத்துட்டனுங்க. கணுக்காலு பூசணிக்கா கணக்கா வீங்கிக் கெடக்குது. நடக்க முடியாது, தவுந்து வந்து டெர்மினலுக்குப் பக்கத்துலயே படுத்துக்கிட்டேன். ஸ்கிரீனு ஒடைஞ்சு மேல்பாதிதான் தெரியுது, எண்ணிப் பாத்தா எட்டு வரி. குளிருதான் தாங்கல. கையுறையோட அடிக்க முடியலைங்க, கழட்டினா வெரலு வெறைச்சுப்போவுது. ஊட்டுல சொல்லிப்போடாதீங்க. எங்கூர்ல ஆயரம் அடி போட்டும் பொகைதான் வரும், இங்க எட்டடியில ஐசு கெடைச்சுது, அந்த சந்தோசத்துலயே இருக்கறனுங்க. நீங்க பத்தரம்."

ஊட்டில் சொல்ல எனக்கு வழி இல்லை என்பதை அவருக்கு எழுதவில்லை.


மார்ச் 7, 11:20

இருக்கும் மின்சாரம் இரண்டு பேரையும் குளிரில் நடுங்கவைத்துக்கொண்டு பத்தொன்பதாம் தேதிவரை இழுக்கும். அதற்கு மேல் ஒரு துளி இல்லை. பாதி பாதியாகப் பிரித்திருக்கிறேன். கம்பளி, கோட்டு, அதன்மேல் போர்வை. திருநெல்வேலி பஸ்ஸில் மார்கழிப் பயணம் போல இருக்கிறது.

அவர் விரல்களைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். பலகையில் புதிதாக ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று பார்க்க அவர் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது மனிதனுக்கு எழுதப்பட்டதல்ல, அதற்குத்தான் இயந்திரம் என்று முப்பது ஆண்டு சொல்லியிருக்கிறேன். எனவே ஒரு லூப் எழுதிக்கொடுத்தேன். பலகையில் இப்படிப் போட்டேன்:

மீண்டும் 10நிமி : படி பலகை | தலை 8

இதை ஒருமுறை அடித்தால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரமே பலகையைத் திறந்து, அதன் முதல் எட்டு வரியைத் திரையில் காட்டும். முழுவதையும் காட்டினால் மேலே உள்ளது ஓடிப்போய்விடும், அவருக்குத் தெரிவது மேல்பாதி மட்டும்தானே. அவர் கையைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுத்தபடியே படிக்கலாம்.

சற்று நேரத்தில் எண் ஏறத் தொடங்கியது. பத்து நிமிடம், ஒன்று. பத்து நிமிடம், ஒன்று.

நல்ல மாணவர்.


மார்ச் 8, 10:00

தகடுகளைத் திருப்பினேன். இரண்டு பேட்டரி அறைகளில் ஒன்று சூடாகிறது, தொட்டுப் பார்த்தால் தெரிகிறது. பலகையில் சென்னியப்பனுக்குக் காலுக்கு என்ன செய்யலாம் என்று எழுதினேன். உயரத்தில் வைக்கவும், இறுகக் கட்ட வேண்டாம். எண் ஏறுகிறது. திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். பக்கத்து அறையில் ஒருவர் நடமாடுவது போன்ற நிம்மதி.


மார்ச் 9, 17:45

எண் ஏறுகிறது. அவருக்கு ஒரு விடுகதை போட்டேன், விடையைக் கடைசியில் எழுதினேன். வகுப்பில் கடைசி பெஞ்சு தூங்காமலிருக்க இதுதான் வழி. முதலில் கதை, பிறகு பாடம்.


மார்ச் 10, 07:30

சூடான பேட்டரி அறை செத்துவிட்டது. கருகிய வாடை. நான் தீயணைப்பானோடு ஓடியபோது முடிந்துவிட்டிருந்தது.

கணக்கு மூன்று முறை போட்டேன். இரண்டு நிலையத்துக்கும் கொடுத்தால் பதினான்காம் தேதி இரண்டும் நிற்கும். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் பத்தொன்பதைத் தொடும்.

நான் கீழே போய்விடலாமா என்று பார்த்தேன். இருப்பது ஒரே ஒரு விண்வெளி உடை. அதில் உள்ள காற்று இறங்க மட்டும் போதும், ஏற அல்ல. நான் போனால் தகடுகளைத் திருப்ப ஆள் இல்லை. சூரியன் நகர நகர மின்சாரம் குறைந்துகொண்டே போகும். அப்புறம் இரண்டு பேருக்கும் இல்லை.

எனவே இருவரில் ஒருவர். என்னுடையதை நிறுத்தினால் திருப்ப ஆள் இல்லாமல் அவருக்கும் போகும். அவருடையதை நிறுத்தினால்.

தகடு திருப்பப் போகிறேன்.


மார்ச் 10, 14:00

எண் ஏறுகிறது.

நான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

இந்தக் கேள்வி எனக்கு மூன்று நாள் கழித்து வருகிறது. ஏழாம் தேதி மதியத்திலிருந்து அந்த எண்ணை ஏற்றுவது சென்னியப்பன் அல்ல. நான் எழுதிக்கொடுத்த லூப். அவர் தூங்கினாலும் ஏறும். மயங்கினாலும் ஏறும். ஒரு வினாடிகூடப் பிசகாமல் பத்து நிமிடம். மனிதன் ஒருவன் இவ்வளவு ஒழுங்காக எதையாவது செய்து நான் பார்த்ததில்லை. அந்த ஒழுங்கைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் விரலுக்கு இதம் செய்கிறேன் என்று, அவரிடமிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த ஒரே செய்தியை நான் நிறுத்திவிட்டேன்.

கேட்கிறேன். நேராகவே கேட்டுவிடுகிறேன்.


மார்ச் 11, 08:00

பலகையில் எழுதியது. பலமுறை அடித்து அடித்துத் திருத்தினேன், அவர் பயந்துவிடக் கூடாது என்று. அப்படியே:

சென்னியப்பன், வணக்கம். முதலில் ஒரு கதை சொல்கிறேன்.
ஒரு கோடை விடுமுறை முடிந்து எங்கள் பாலிடெக்னிக்கில்
ஆய்வகத்தைத் திறந்தோம். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டே
இருந்தது. ஏப்ரலில் யாரோ அணைக்க மறந்திருக்கிறார்கள்.
வெளியே சத்தம் கேட்ட காவலாளி, உள்ளே ஆள் இருக்கிறது
என்று நம்பி, தினமும் வணக்கம் சொல்லிவிட்டுப் போவாராம்.
இத்தனை நாளாகியும் ஒரு பதில் சொல்லவில்லையே என்று
கோபித்துக்கொண்டு, கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாராம்.
உங்கள் லூப்பும் அந்த மின்விசிறி போலத்தான்.
அது ஓடுவதால் நீங்கள் நலம் என்று எனக்குத் தெரியாது.
இதைப் பார்த்ததும் பலகையை உங்கள் கையால் மூன்று முறை
அடுத்தடுத்துத் திறவுங்கள். மின்சாரம் இருவருக்கும் போதாது.
நாளை மாலைக்குள் பதில் இல்லையென்றால் கீழ்நிலையத்துக்குப்
போகும் மின்சாரத்தை நான் நிறுத்த வேண்டியிருக்கும்.


மார்ச் 11, 13:00

பத்து நிமிடம், ஒன்று. பத்து நிமிடம், ஒன்று.


மார்ச் 11, 18:20

வெளியே தகடு திருப்பும் நேரம் தவிர திரையை விட்டு நகரவில்லை. அவர் மெதுவாகப் படிப்பவர். தூங்கியிருப்பார். எழுந்ததும் திறப்பார். மூன்று போதாதென்று ஏழு முறை திறப்பார்.

பத்து நிமிடம், ஒன்று.


மார்ச் 12, 12:00

இல்லை.

கணுக்கால் அப்படி வீங்கினால் ரத்தம் கெடும், காய்ச்சல் வரும். ஆறாம் தேதிக்குப் பிறகு அவர் எழுதிய ஒரு வரிகூட என்னிடம் இல்லை. ஒருவேளை எட்டாம் தேதியே. நான் விடுகதை போட்டபோதே. ஆளில்லாத அறையில் ஓர் இயந்திரம் என் விடுகதையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து திறந்து.


மார்ச் 12, 18:00

மாலை என்று சொல்லியிருந்தேன். மாலையாகிவிட்டது.

ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கிறேன். பரீட்சைத் தாள் வாங்கும்போதும் அப்படித்தான் செய்வேன், மணி அடித்த பிறகும் கொஞ்சம்.


மார்ச் 12, 20:10

நிறுத்திவிட்டேன். ஏழு மணி தாண்டியதும். சுவிட்ச் சாதாரணமாகத்தான் இருந்தது. வீட்டு மெயின் சுவிட்ச் போல.

அதன்பிறகும் எண் சில முறை ஏறியது. டெர்மினலுக்குள் ஒரு சிறு பேட்டரி உண்டு, அதில் ஓடியிருக்கும். அதே பத்து நிமிடம், அதே ஒழுங்கு. இயந்திரம்தான் என்பது இதனால் உறுதி. பிறகு நின்றது.

என் அறை சூடாகிறது. விரல்கள் மடங்குகின்றன.


மார்ச் 13, 09:40

அவருக்காகப் பலகையில் சில வரி எழுதிவைக்க உட்கார்ந்தேன். வருபவர்கள் படிக்கட்டும் என்று. பழையதை அழிக்கும் முன், அந்த அறையில் கடைசியாகத் திரையில் என்ன தெரிந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. வேறு காரணம் இல்லை. அவருக்குக் கொடுத்த அதே வரியை என் டெர்மினலில் அடித்தேன்.

படி பலகை | தலை 8

எட்டு வரி வந்தது.

வணக்கம். கதை. கோடை விடுமுறை. மின்விசிறி. காவலாளி. கோபித்துக்கொண்டு, கடைசியில் பேச்சையே நிறுத்திவிட்டாராம். முற்றுப்புள்ளி.

அவ்வளவுதான். கதை அழகாக முடிகிறது. கீழே இன்னும் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றவில்லை, நான் எழுதியவள்.

மூன்று முறை திறவுங்கள் என்பது பதினோராவது வரி. நிறுத்திவிடுவேன் என்பது பதினான்காவது.

முதலில் கதை, பிறகு பாடம்.


மார்ச் 13, 09:55

மின்சாரம் முழுவதையும் கீழே அனுப்பிவிட்டேன். இங்கே கன்சோல் மட்டும் ஓடுகிறது. பலகையில் ஒரே வரி: "உயிரோடு இருந்தால் ஒருமுறை திறவுங்கள்." மின்சாரம் போனதும் லூப் அழிந்திருக்கும், தானாகத் தொடங்காது. இனி எண் ஏறினால் அது அவர் விரல்.


மார்ச் 13, 16:00

ஏறவில்லை.


மார்ச் 14, 06:30

ஏறவில்லை. பதினைந்து மணி நேரம் பனிப்பள்ளத்தில் சூடில்லாமல் ஒரு மனிதர். கம்பளி உண்டு. கதவு நல்ல கதவு. முடியும். சிலருக்கு முடிந்திருக்கிறது. விரல் மடங்காமல் இருக்கலாம், கண் தெரியாமல் இருக்கலாம், அதனால் திறக்காமல்.

எண்ணை நம்பி ஒருமுறை தவறு செய்தாயிற்று. போய்ப் பார்க்கிறேன்.

இறங்க மட்டும் காற்று இருக்கிறது என்பது தெரியும். தகடுகளை முடிந்தமட்டும் சூரியனுக்கு முன்னால் திருப்பி வைத்திருக்கிறேன். அது அவற்றைத் தாண்டிப் போகும்வரை கீழே மின்சாரம் வரும். பிறகு குறையும்.

பலகையில் அதே வரியை விட்டுவிட்டுப் போகிறேன். மாற்ற நேரம் இல்லை, உடை மாட்டவே அரை மணி ஆகிறது.


மார்ச் 15, 10:15. கீழ்நிலையம்

முக்கியமானதை முதலில் எழுதுகிறேன். நான் தங்கபுஷ்பம். கீழ்நிலையத்தில் உயிரோடு இருக்கிறேன். மேலே யாரும் இல்லை. வந்தவர்கள் கீழே வரவும். மின்சாரம் இன்னும் எத்தனை நாள் என்று தெரியாது, விளக்கு இப்போதே மங்கல்.

சென்னியப்பன் இல்லை. டெர்மினலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். இரண்டு கையும் கம்பளிக்குள் இருக்கின்றன. நான் சொன்னபடி.

டெர்மினலின் ஓரத்தில் இரண்டு டோக்கன் எண்களைக் கீறிவைத்திருந்தார். ஒட்டியிருக்கிறார். எண்ணை எனக்கு அனுப்பவில்லை. இரண்டையும் திறந்து படித்தேன்.

முதலாவது, பதினொன்றாம் தேதி மதியம் ஒட்டியது:

"டீச்சருங்களே, காவலாளி கதை படிச்சனுங்க. சிரிச்சுச் சிரிச்சு காலு நோவு எடுத்துப்போச்சு. பாவமுங்க அந்த மனுசன், ஃபேனுகிட்டப் போயிக் கோவிச்சுக்கிட்டான். எங்கூர்லயும் ஒருத்தரு, போர் போட்டுத் தண்ணி வல்லீன்னு குழிக்கிட்டயே நின்னு வஞ்சுபோட்டுப் போனாருங்க. குழி என்ன பண்ணும்? இன்னொரு கதை இருந்தாப் போடுங்க. காச்சல் இருக்குது, ஆனா லூப்பு சூப்பருங்க, கைய வெளிய எடுக்கறதே இல்ல. இத அடிக்கறதுக்குத்தான் எடுத்தேன், அதுக்கே வெரலு செத்துப்போச்சு. நம்பர நாளைக்கு எண்ணி அனுப்பறனுங்க."

இரண்டாவது, பன்னிரண்டாம் தேதி இரவு ஏழரைக்கு:

"டீச்சர், கரண்டு நின்னுபோச்சுங்க. உங்க பக்கமும் போயிருச்சுங்களா? பேட்டரியில ஓட்டிட்டிருக்கறேன். மேல தனியாக் கெடக்கறீங்க, பயந்துக்காதீங்க. பேனலச் சரிபண்றேன்னு அவசரப்பட்டு வெளிய ஓடி உழுந்து வெச்சராதீங்க, நான் தாங்குவனுங்க. கம்பளி இருக்குது. லூப்ப நிறுத்தலைங்க. அது ஓடுற வரைக்கும் நான் இருக்கறேன்னு நெனச்சுக்குங்க."


மார்ச் 15, 17:00

அவரை அறையின் ஓரத்தில் படுக்கவைத்தேன். இழுக்க எளிது, இங்கே எடை குறைவு.

இப்போது அவர் இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதலாம். ஒட்டலாம். பலகையில் எழுத முடியாது, சாவி மேலே கன்சோலுக்குள். மேலே ஒட்டியவற்றை அவற்றின் எண்களால் திறந்து, இந்தப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினேன். ஆறு இலக்கம் வந்தது, இனி எழுதுவதும் அதே எண்ணிலேயே சேரும். யாரிடம் சொல்ல? கிளம்பும்போது மேலே ஒரு துண்டுக் காகிதத்தில் கீழே போகிறேன் என்று எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பலகையில் ஒரு வரி மாற்றியிருக்கலாம். உடை மாட்டும் அவசரம்.

மிஸ், ஒட்டிட்டேன். இனி அது தானா போயிருமா.


மார்ச் 17, தெரியவில்லை. மதியம் இருக்கும்

பத்தொன்பதாம் தேதி அவர்கள் மேலே வந்தால் கன்சோல் திரையின் மூலையில் எண் இருக்கும். அதனால் பலகையைத் திறக்கிறேன். ஐந்து முறை. இடைவெளி. இரண்டு முறை. இடைவெளி. என் டோக்கன் எண், இலக்கம் இலக்கமாக. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுவில் எண்ணிக்கை தப்புகிறது. அவருக்கும் தப்பியது.

கையுறை இல்லாமல்தான் அடிக்க முடிகிறது. அவர் சொன்னது சரி.

லூப் போடவில்லை. போடமாட்டேன். ஒரு வரிதான், போட்டால் கையை உள்ளே வைத்துக்கொள்ளலாம். இல்லை. எண் ஏறினால் நான். நின்றால் நான் இல்லை. யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.


விளக்கு போய்விட்டது. டெர்மினல் பேட்டரி

ஐந்து. இரண்டு. பத்து. ஒன்று.

அடுத்தது மறந்துவிட்டது, திரையில் பார்த்தேன். எட்டு.

இதை நீங்கள் படித்தால் எண் உங்கள் கைக்கு வந்துவிட்டது. நன்றி. அவர் வீட்டில் சொல்லிவிடுங்கள், மெதுவாக. கால் வலியில் போகவில்லை. சிரித்தார் என்று சொல்லுங்கள். யார் நிறுத்தியது என்பதையும் சொல்லுங்கள். அதைக் கடைசியில் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கு ஒரே ஒரு பயிற்சி. நீங்கள் யாருக்காவது கடைசியாக எழுதியதை எடுத்து, முதல் எட்டு வரிக்குக் கீழே உள்ளதைக் கையால் மறைத்துக்கொண்டு, படித்துப் பாருங்கள்.